பொறியில் இல்லாத எழுத்து

தோல் வாணிபத்தில் ஊறிய கண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மேற்புறத்தின் பளபளப்பை அவை நம்புவதில்லை. துண்டைத் திருப்பிச் சதைப்புறத்தைப் பார்க்கும். பிறகு அறுத்த ஓரத்தை வெளிச்சத்திற்கு நேரே பிடித்துப் பார்க்கும். ரெக்சினுக்கும் தோலுக்கும் மேற்புறத்தில் வேற்றுமை காண்பது சில வேளைகளில் அரிதாகிவிடும். ஓரத்தில் துணியிழை தெரிந்துவிட்டால் வழக்கு முடிந்தது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் மேல்விஷாரத்திலும் இந்தப் பார்வை தந்தையிடமிருந்து மகனுக்கு வந்து சேர்ந்த சொத்து. இதே பார்வையை வேறொரு பொருளின்மீது செலுத்திப் பார்க்க வேண்டிய கட்டாயம் அண்மையில் நமக்கு ஏற்பட்டது. அந்தப் பொருள், கணிப்பொறியின் விசைப்பலகை.

கட்டாயம் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நம் குடும்பத்துக் குழந்தை ஒன்றின் பெயர் ஹகரத்தில் தொடங்குவது. பெயரை இங்கே எழுத வேண்டியதில்லை. அப்பெயர் ஒரு சான்றிதழில் அகரத்தில் தொடங்கியது; மற்றொரு சான்றிதழில் ககரத்தில் தொடங்கியது. ஒரே பிள்ளை தாளில் இருவராகிவிட்டது. திருத்தம் வேண்டி அலுவலகம் சென்றபோது, மேசைக்குப் பின்னால் இருந்தவர் கோபமின்றி, மரியாதையுடனேயே சொன்னார்: “அந்த எழுத்து எங்கள் பொறியில் இல்லை, பாய்.”

பொய் சொல்வதாக அவர் எண்ணவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. ஆனால் அந்தச் சொல் நம்மை விட்டு அகலவில்லை. எழுத்து பொறியில் இல்லை என்றால், எங்கே இருக்கிறது? மற்ற எழுத்துக்கள் மட்டும் பொறியில் இருக்கின்றனவா?

அந்த வாரமே ஆம்பூரில் நண்பர் ஒருவரின் தோல் நிறுவனத்தில், கணக்கர் மேசையிலிருந்து ஓய்வு கொடுத்து மூலையில் வைத்திருந்த விசைப்பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தோம். பிரித்துப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

பிரிப்பதற்கு முன் மேற்புறத்தையும் ஒரு பார்வை பார்க்கத்தான் வேண்டும். எழுத்து விசைகள் பெரும்பாலும் புதுக்கருக்கு மாறாமல் இருந்தன. வலப்புறத்து எண் விசைகளோ தேய்ந்து எண்ணெய் பூசினாற்போல் மின்னின. சில எண்கள் அழிந்தே போயிருந்தன. தோல் சதுர அடிக் கணக்கில் விலை பேசப்படும் பொருள். அந்தக் கணக்கர் ஆண்டுக்கணக்கில் தட்டியது சொற்களை அன்று, எண்களை. ஒரு பலகையைப் பார்த்தே உரியவரின் தொழிலைச் சொல்லிவிடலாம் போலும்! எழுத்தைப் பிளாஸ்டிக்கின் மேல் மையால் பதித்தால் இவ்வாறு அழியும். விலையுயர்ந்த பலகைகளில் இரு நிறப் பிளாஸ்டிக்கை ஒன்றனுள் ஒன்றாக வார்த்து எழுத்தை உருவாக்குவர். விசை முழுவதும் தேய்ந்தாலன்றி அந்த எழுத்து மறைவதில்லை. நம் கையிலிருந்தது மலிவு வகை.

முதுகுப்புறத்துத் திருகாணிகளைக் கழற்றினோம். பத்துக்கு மேற்பட்டவை இருந்தன. ஒன்று மட்டும் நிறுவனச் சீட்டின் அடியில் ஒளிந்திருந்தது. ஓரத்துப் பிளாஸ்டிக் கொக்கிகளை நெம்பியபோது ஒன்று உடைந்தது. பிரித்துச் சீர்செய்வதற்காகச் செய்யப்பட்ட பொருளன்று என்பதற்கு அந்தக் கொக்கியே சாட்சி. உள்ளே சாம்பல் நிறத் தூசி படிந்திருந்தது. தோலைத் தேய்த்து மென்மையாக்கும் இயந்திரம் ஓடும் இடத்திற்கு அருகே எதை வைத்தாலும் இத்தூசி புகுந்துவிடும் என்பதை நம் ஊரார்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

தூசியைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், உள்ளே இருப்பது வியப்பூட்டும் அளவுக்குக் கொஞ்சம். முதலில் ரப்பர் விரிப்பு ஒன்று; ஒவ்வொரு விசையின் கீழும் ஒரு சிறு குமிழ். விசையை அழுத்தினால் குமிழ் மடங்குகிறது; விட்டால் நிமிர்ந்து விசையை மேலே தள்ளுகிறது. அதன் கீழே மூன்று மெல்லிய பிளாஸ்டிக் ஏடுகள். மேல் ஏட்டிலும் கீழ் ஏட்டிலும் மின்சாரம் ஓடும் வெள்ளிநிறக் கோடுகள். நடு ஏட்டில் விசைக்கு ஒன்றாகத் துளைகள். குமிழ் அழுந்தும்போது மேல் ஏடு துளையின் வழியே கீழ் ஏட்டைத் தொடுகிறது. கோடுகள் யாவும் ஒரு மூலையிலுள்ள உள்ளங்கையளவுகூட இல்லாத மின்சுற்றுப் பலகையில் வந்து சேர்கின்றன. அதன்மேல் கருப்பு மெழுகுத் துளி போன்ற ஒன்று, அதற்குள்தான் சில்லு. இவ்வளவே விசைப்பலகை.

அடியில் இரும்புத் தகடு கிடையாது. ஆகவேதான் தட்டும்போது நடுப்பகுதி அமுங்கித் தொய்ந்தது. 1985-இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ‘மாடல் எம்’ என்னும் பலகையில் விசை ஒவ்வொன்றின் கீழும் சுருள்வில் இருந்தது. அடியில் எஃகுத் தகடும் இருந்தது. எடை இரண்டு கிலோவுக்கு மேல். அவற்றுள் பல இன்றும் உழைக்கின்றன. ரப்பர் குமிழோ வெப்பத்தாலும் வயதாலும் இறுகும் இயல்புடையது. ஆம்பூர்ச் சித்திரை வெயிலில் அது எந்தப் பாடுபடும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம். தோல் மொழியில் சொன்னால் நாம் பிரித்தது ரெக்சின். குறை சொல்வதற்கில்லை. சில நூறு ரூபாய்க்கு அதுதான் கிடைக்கும். கம்பி உள்ளே நுழையும் இடத்தில் இழுபடாதிருக்கப் போட்டிருந்த பிடிப்பு மட்டும் முதல்தரமாக இருந்தது.

ஆனால் நாம் தேடி வந்தது எழுத்தை. ஏடுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். கோடுகள் உண்டு, வட்டங்கள் உண்டு. எழுத்து ஒன்றுகூட இல்லை, தமிழ் மட்டுமன்று, ஆங்கிலமும் இல்லை. அந்தச் சில்லு செய்யும் வேலை இதுதான்: கிடைக்கோடு ஒன்றும் நெடுங்கோடு ஒன்றும் எங்கே தொட்டுக்கொண்டன என்பதை நொடிக்குப் பலமுறை சோதித்து, அந்த இடத்திற்குரிய எண்ணைக் கம்பி வழியே அனுப்புகிறது. இன்று வழக்கிலுள்ள யு.எஸ்.பி. முறையில், ஆங்கில ‘ஏ’ பொறித்த விசைக்குரிய எண் 4. ‘எச்’ விசைக்கு 11. ‘ஆர்’ விசைக்கு 21. ஷிப்ட் விசை அழுந்தியிருக்கிறதா என்பது தனிக் குறிப்பாகச் செல்கிறது. 11 வந்தால் அது எச்சா, ககரமா என்று பலகைக்குத் தெரியாது. அதைத் தீர்மானிப்பது கணிப்பொறிக்குள் இருக்கும் ஓர் அட்டவணை. அட்டவணையை எழுதியவர்கள் மனிதர்கள்.

இந்த நிலை எப்போதும் இருந்ததன்று. எழுத்து உண்மையாகவே பொறிக்குள் இருந்த காலம் ஒன்று உண்டு. அந்த வரலாற்றை அறிந்தால்தான், மேசைக்குப் பின்னால் இருந்தவர் சொன்ன சொல் எங்கிருந்து வந்தது என்பது விளங்கும்.

அமெரிக்காவில் கிறிஸ்டோபர் ஷோல்ஸ் என்பார் 1868-இல் காப்புரிமை பெற்ற தட்டச்சுப்பொறியை ரெமிங்டன் நிறுவனம் 1874-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் பெரிய எழுத்துக்கள் மட்டுமே இருந்தன. 1878-இல் வந்த இரண்டாம் பொறியில்தான் ஒரு விசைக்கு இரண்டு எழுத்துக்கள் என்னும் ஏற்பாடு வந்தது. மேல் எழுத்து வேண்டுமானால் தாளைத் தாங்கும் பகுதியே இடம் பெயரும். ஷிப்ட் என்ற பெயர் அந்த இடப்பெயர்ச்சியால் வந்தது. இன்று நம் பிளாஸ்டிக் பலகையில் எதுவும் இடம் பெயர்வதில்லை. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அந்தப் பொறியில் ஒவ்வொரு விசையின் மறுமுனையிலும் ஓர் இரும்புக் கரம். கரத்தின் நுனியில் வார்த்த உலோக எழுத்து. சுமார் 45 விசைகள். ஆகவே தொண்ணூறு வடிவங்களுக்கு மேல் இடமில்லை. ஆங்கிலத்திற்கு அது தாராளம். தமிழுக்கோ உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என 247. இந்த எண்ணிக்கையைக் கேட்டே பலர் பின்வாங்கியிருப்பர்.

பின்வாங்காதவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886-இல் பிறந்து, 1907-இல் மலேயா நோக்கிப் புறப்பட்டு, சிங்கப்பூரில் வணிக நிறுவனம் ஒன்றில் எழுத்துப்பணி புரிந்தவர். நாள்தோறும் ஆங்கிலப் பொறியில் தட்டும் விரல்கள் தமிழுக்கும் அதை ஏங்கியதில் வியப்பில்லை. 1930-களில் அவர் வகுத்த அமைப்பில் தமிழ்ப் பொறிகள் உருவாயின. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துச் செய்டல் நௌமான் தொழிற்சாலை அவற்றைச் செய்து தந்தது.

அவருடைய சூழ்ச்சித்திறன் நகரா விசையில் விளங்குகிறது. சாதாரண விசையைத் தட்டினால் எழுத்து பதிந்ததும் தாள் ஓர் எழுத்தளவு நகரும். நகரா விசையில் குறி பதியும், தாள் நகராது. முதலில் இகரக் குறியைத் தட்டி, அதே இடத்தில் ககரத்தைத் தட்டினால் ‘கி’ ஆகிறது. புள்ளியும் அவ்வாறே: முதலில் புள்ளி, பிறகு எழுத்து. வாயில் மெய் முன்னும் உயிர் பின்னுமாக வருவதைக் கை தலைகீழாகச் செய்ய வேண்டியதாயிற்று. டகரத்தோடு இகரக் குறி ஒட்டும் விதம் வேறாதலால் ‘டி’க்குத் தனி இடம் கொடுக்கப்பட்டது. கு, து, மு போன்றவை உடலோடு ஒட்டி உருமாறுவன; தட்டச்சு அமைப்பில் அவை தத்தம் எழுத்தின் தலைமேல், ஷிப்ட் வரிசையில் அமர்ந்தன. ககரத்தைத் தேடிய விரலே குகரத்தையும் கண்டுகொள்ளும். தட்டச்சுப் பள்ளிகளில் ‘ய, ள, ன, க’ என்று இடக்கை விரல்களைப் பழக்கியவர்கள் நம் வாசகர் குடும்பங்களிலும் இருப்பர். அவ்வரிசையின் பின்னணியில் இவ்வளவு கணக்கும் சிக்கனமும் அடங்கியுள்ளன என்பதை அப்போது எவரும் நமக்குச் சொல்லவில்லை.

1955-இல் கோத்ரேஜ் நிறுவனம் இந்தியாவிலேயே தட்டச்சுப்பொறி செய்யத் தொடங்கியது. 1956-இல் சென்னை மாநிலத்தில் தமிழை ஆட்சிமொழியாக்கும் சட்டம் வந்தது. அலுவலகந்தோறும் தமிழ்ப் பொறி தேவைப்பட்டது. நம் தோல் மண்டிகளிலோ ஆங்கிலப் பொறிதான் அரசாண்டது. அரைப்பதத் தோல் இலண்டனுக்குச் சென்ற காலத்தில் கடிதம் ஆங்கிலத்தில்தானே போக வேண்டும்? உள்ளூர்க் கணக்கு தமிழிலும் உருதுவிலும் கைப்பட எழுதப்பட்டது.

உருதுவின் கதை இதனினும் கடினமானது. சாய்ந்து இறங்கும் நஸ்தலீக் எழுத்தில் ஒவ்வோர் எழுத்தும் அண்டை எழுத்தைப் பொறுத்து உருவும் உயரமும் மாறுவதால், அது வார்ப்பு அச்சுக்குள் எளிதில் அடங்கவில்லை. உருது நூல்களும் நம் முன்னோரின் அரபுத்தமிழ்ப் பனுவல்கள் பலவும் கல்லச்சையே நாடின. சென்னையில் 1927-இல் தொடங்கிய ‘முஸல்மான்’ நாளேடு பல்லாண்டுகள் காத்திபுகளின் கையெழுத்திலேயே வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. கராச்சியில் அஹ்மத் மிர்ஸா ஜமீல் உருவாக்கிய நூரி நஸ்தலீக் எழுத்து 1981-இல் வந்த பிறகுதான் கணிப்பொறி வழியே உருது அழகு குன்றாமல் தாளில் இறங்கியது. பொறிக்கு மொழி வளைந்து கொடுக்காவிட்டால் பொறி வெளியே நிற்க வேண்டியதுதான் என்பதற்கு அது சான்று.

ஆக, பழைய தட்டச்சுப்பொறிக் காலத்தில் “எழுத்து பொறியில் இல்லை” என்பது பொருளுள்ள சொல். கரத்தின் நுனியில் வார்க்கப்படாத எழுத்தைத் தாளில் வரவழைக்க எவராலும் இயலாது. அச்சொல் அலுவலக மேசைகளில் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த சொல்லாகி, பொறி மாறிய பின்னும் நாவில் நின்றுவிட்டது.

கணிப்பொறி வந்ததும் இடநெருக்கடி நீங்கியது, குழப்பம் நீங்கவில்லை. 1990-களில் எழுத்துரு செய்தவர் ஒவ்வொருவரும் தமக்கென ஓர் அட்டவணை வைத்துக்கொண்டனர். ஓரிடத்தில் அடித்த கட்டுரை மற்றோர் அச்சகத்தில் புரியாத குறிகளாய் விரிந்தது. பத்திரிகை நடத்தியவர்கள் பட்ட பாட்டை அவர்களே அறிவர். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டையொட்டி, தமிழ்நாடு அரசு பொதுவானதொரு விசைப்பலகையை ஏற்றது. அதுவே தமிழ் 99. எழுத்துக்களுக்கு உலகப் பொது எண் வழங்கும் யூனிகோடு 1991-இல் வெளிவந்த முதற்பதிப்பிலேயே தமிழைச் சேர்த்திருந்தது. ஜ, ஷ, ஸ, ஹ ஆகிய நான்கும் அப்போதே அதில் இடம்பெற்றன. 2010-இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டது.

தமிழ் 99 அமைப்பைத் தோல் பார்ப்பதுபோலத் திருப்பிப் பார்ப்போம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1: ஆக 31 எழுத்துக்களுக்கு மட்டுமே நேர் இடம். உயிர்கள் இடக்கையில், மெய்கள் பெரும்பாலும் வலக்கையில். ககரத்தைத் தட்டி இகரத்தைத் தட்டினால் கி. சொல்லும் வரிசையும் தட்டும் வரிசையும் ஒன்றாயின. நகரா விசை போட்ட தலைகீழ் முடிச்சு அவிழ்ந்தது. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலாவதற்குத் தானே புள்ளி விழும். ‘அப்பா’ என எழுத நான்கு தட்டுப் போதும். ங்க, ஞ்ச, ந்த, ம்ப என்னும் இணைகளுக்கும் அவ்வாறே. தமிழின் இயல்பறிந்தவர்கள் செய்த வேலை இது; மனமார மெச்சுகிறோம்.

இனி நம் பெயர்களை அதில் இட்டுப் பார்ப்போம். ஸ, ஷ, ஜ, ஹ நான்கும் மேல்வரிசையின் இடக்கோடியில், ஷிப்ட் விசையோடு அடுத்தடுத்து உள்ளன. ஷிப்டுடன் 21 சென்றால் ஹகரம். ‘முஹம்மது’வுக்கு ஏழு தட்டும் ஒரு ஷிப்டும் ஆகும், நடுவிலுள்ள ம்ம தானே புள்ளி பெறுகிறது. ‘ஃபாத்திமா’வில் சிக்கலே இல்லை. ‘மஃரிபு’ மட்டும் ஏமாற்றும். ஆய்தத்திற்கும் புள்ளிக்கும் ஒரே விசை. மெய்க்குப் பின் தட்டினால் அது புள்ளியாகிவிடுமாதலால், மகரமும் ஆய்தமும் தட்டினால் ‘ம்’ என்றே விழும். இடையில் அகரத்தைத் தட்டிப் பிரிக்க வேண்டும். இது நமக்கென்று நேர்ந்த குறையன்று. ‘பஃறுளி’ ஆற்றை எழுதப் புகும் புலவருக்கும் இதே கதிதான்.

பொதுவான தமிழ் எழுத்தில் ஹகரம் அருகியே வருவது. ஆகவே அதை ஷிப்டில் வைத்ததில் நியாயம் உண்டு. ஆனால் அது நியாயமே தவிர, பொறியின் விதியன்று. நடுவண் அரசின் மின்னணுத் துறை 1986-இல் இந்திய மொழிகள் அனைத்திற்கும் பொதுவாக வகுத்த இன்ஸ்கிரிப்ட் அமைப்பில், தமிழ் ஹகரம் ஷிப்டே இல்லாமல் ‘யு’ விசையில் கிடைக்கிறது. ஜகரம் ‘பி’ விசையில். அதே பிளாஸ்டிக், அதே மூன்று ஏடுகள், அதே சில்லு. அட்டவணை வேறு, அவ்வளவுதான்.

ஈண்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. கிரந்த எழுத்தின்றிப் பெயர் எழுதுவதும் நம் மரபே. சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவர் ‘முகம்மது’ என்றே பாடினார். அதனால் பெருமானார் (ஸல்) அவர்களின் புகழில் அணுவும் குறையவில்லை. சாகுல், காதர், மீரான் என்று எழுதி மகிழும் குடும்பங்கள் இன்றும் பல்லாயிரம். அது அவர்கள் விரும்பி ஏற்ற வடிவம். தந்தையும் தாயும் ஹகரம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்த பிறகு, அதை அகரமாக்கும் உரிமை விசைப்பலகைக்கு ஏது? அதற்கு எழுத்தே தெரியாது என்பதைத்தான் மேலே கண்டோம். வெறும் எழுத்துப்பிழை என்று தள்ளிவிடவும் முடியவில்லை. பள்ளிச் சேர்க்கையிலும் கடவுச்சீட்டிலும் சொத்துப் பத்திரத்திலும் ஒரு பெயர் மற்றொன்றோடு பொருந்தாவிட்டால், இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் எழுதிக்கொண்டு அலைய வேண்டியிருக்கிறது. அலைச்சலின் அருமை அலைந்தவர்க்கே தெரியும்.

பிரித்த பலகையை மறுபடியும் பூட்டினோம். உடைந்த கொக்கி உடைந்ததுதான். திருகாணி ஒன்று மிஞ்சிவிட்டது. எங்கிருந்து வந்தது என்பது இன்றுவரை விளங்கவில்லை. ஆயினும் கம்பியைச் செருகியதும் பலகை உயிர்பெற்றது. தமிழ் 99-ஐத் தெரிவு செய்து, ஷிப்டை அழுத்தியவாறே ‘ஆர்’ விசையைத் தட்டினோம். திரையில் ஹகரம் எழுந்தது.

அலுவலகத்திற்குரிய திருத்த விண்ணப்பத்தை அதே பலகையில் தட்டச்சிட்டு, எந்த விசை, எந்த வரிசை என்பதையும் ஒரு துண்டுத்தாளில் வரைந்து இணைத்து, மறுவாரம் அதே மேசையில் கொடுத்தோம். அவர் துண்டுத்தாளை இருமுறை படித்தார். பிறகு தம் விசைப்பலகையை அருகே இழுத்து, ஒரு விரலால் ஷிப்டை அழுத்திக்கொண்டு, மேல்வரிசையில் மெதுவாகத் தேடத் தொடங்கினார்.